இருபத்து நாலு பொட்டலம்

வெறும் காந்தத்தை இரும்புத்தூளில் விட்டால் தீர்ந்தது கதை. தூள் காந்தத்தை விட்டு வரவே வராது. நகத்தால் சுரண்டலாம், துணியால் துடைக்கலாம், கடைசியில் கால்வாசித் தூள் காந்தத்தோடேயே நின்றுவிடும். எடை போட்டால் குறையும். அதனால் எங்கள் கெமிஸ்ட்ரி லேபில் இருந்த காந்தங்களுக்கெல்லாம் நான் பட்டர் பேப்பரில் சட்டை போட்டு வைத்திருந்தேன். தூளை இழுத்த பிறகு பேப்பருக்குள்ளிருந்து காந்தத்தை மட்டும் உருவினால் போதும், அத்தனையும் பொலபொலவென்று தட்டில் விழும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மூன்று வருடம் சுரண்டிச் சுரண்டி வெறுத்துப்போய் நானே கண்டுபிடித்தது.

நான் லெக்சரர் இல்லை, அட்டெண்டர். பெங்களூரில் பிரேசர் டவுன் பக்கம் ஒரு காலேஜ். பியூசி, அதாவது பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளின் லேபில் பன்னிரண்டு வருடம் பியூரெட் கழுவி, ஆசிட் கலக்கி, சிங்க் தேய்த்து, பிள்ளைகள் உடைத்ததைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். படித்தது பத்தாவது வரை, ஆஸ்டின் டவுனில் தமிழ் மீடியத்தில். ஆனால் எந்த பாட்டில் எந்த அலமாரியில் எத்தனையாவது வரிசை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அலமாரிச் சாவி என் இடுப்பில்தான் இருக்கும். ஜீவனஹள்ளியில் எங்கள் தெருவில், "கெமிஸ்ட்ரி அக்கா" என்றால் என் வீட்டைக் காட்டுவார்கள். அதில் எனக்கு எவ்வளவு திமிர் என்பது அவள் வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

அவள் கீழ் மாடியில் டிகிரி லேபில் இருந்தவள். டிகிரியில் பிள்ளைகள் சேரவில்லை என்று அந்தப் பிரிவையே மூடினார்கள். அங்கிருந்த சாமானும் மேலே வந்தது, அவளும் மேலே வந்தாள். எங்கள் துறைத் தலைவி, நாங்கள் எல்லோரும் மேடம் என்றே கூப்பிடுவோம், கன்னடக்காரம்மா, நல்ல மாதிரி. அவரே என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். இந்த வருஷம் ரெண்டு பேரும் இருங்க, மார்ச்சுக்கு அப்புறம் ஒரே ஆளுக்குத்தான் இடம், யார் என்று நான்தான் எழுதிக் கொடுக்கணும், எனக்கே பேஜாராக இருக்கிறது என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். பாத்ரூமில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

அவளுக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். ஈரோட்டுப் பக்கம். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. புருஷன் ஐ.டி.யில் வேலை என்றாள். பேச்சுக்குப் பேச்சு ஒரு "ங்க". "ஏனுங்க்கா, இந்த பாட்டில் எங்க வெக்கறதுங்க்கா?" என்று அவள் கேட்டால் எனக்கு முதல் வாரம் இனித்தது. இரண்டாவது வாரம் எரிச்சலாக வந்தது. அவள் வேலை செய்யும் விதம் அப்படி. தராசு முன்னால் உட்கார்ந்தால், ஸ்பேட்டுலா நுனியில் உப்பை எடுத்து, விரலால் மெதுவாக ஒரு தட்டுத் தட்டுவாள், மூன்று கிராம் என்றால் மூன்றே கிராம் நிற்கும். எனக்கு ஒருதரம் கூடும், ஒருதரம் குறையும், மூன்றாம் தரம்தான் வரும். பன்னிரண்டு வருடமாக மூன்றாம் தரம்தான் வருகிறது. அதுவரை அது ஒரு குறை என்று எனக்குத் தோன்றினதே இல்லை.

எழுத்தும் அச்சடித்த மாதிரி இருக்கும். பாட்டில்களுக்கெல்லாம் புது லேபிள் எழுதி ஒட்டினாள். நான் எழுதி ஒட்டியிருந்த பழைய லேபிள்களைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்துப் போட்டாள். என்னைக் கேட்டுவிட்டுத்தான் உரித்தாள். "உரிச்சுக்கோம்மா, எனக்கென்ன" என்று நான்தான் சொன்னேன். ஆனால் வாளியில் என் கையெழுத்தெல்லாம் மிதந்ததைப் பார்த்தபோது, என்னடி இது அநியாயம் என்று வாயெல்லாம் கசந்தது.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஒருநாள் பிள்ளைகளுக்குக் கலவையைப் பிரிக்கும் பிராக்டிகல். நான் உள்ளே குடுவை கழுவிக்கொண்டிருக்கிறேன். வெளியே அவள் காந்தத்தைக் காட்டி, பேப்பரை உருவி, "இப்டிப் பண்ணினா தூள் வேஸ்ட்டே ஆகாது பாருங்க" என்கிறாள். பிள்ளைகள் "வாவ் மிஸ்!" என்று கத்துகிறார்கள். மேடம் பின்னால் நின்று, "சூப்பர் கணம்மா!" என்று கன்னடத்தில் மெச்சுகிறார். மிஸ்ஸாம் மிஸ்! அது அக்கா சொன்னது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்? கையில் இருந்த குடுவையை நான் அத்தனை அழுத்தித் தேய்த்ததில் அதன் கழுத்து உடைந்துபோனது. உடைந்த சாமான் ரிஜிஸ்டரில் என் பெயரில் ஏறிய முதல் குடுவை அது.

வீட்டில் என் புருஷனிடம் பாதி நாள் அவள் பேச்சுதான். அவர் ஆட்டோ ஓட்டுகிறவர், வந்த களைப்பில் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். "இன்னிக்கும் அந்தப் பொண்ணு கதையா? அவ இன்னா, உன் சக்களத்தியா?" என்பார். சக்களத்தியாக இருந்தால்கூட இத்தனை எரிந்திருக்காது. அவர் போனால் போகட்டும் என்று இருந்திருப்பேன். இது என் லேப்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தினம் பதினொரு மணிக்கு அவளுக்கு போன் வரும். வராந்தா மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு குசுகுசுவென்று பேசுவாள். புருஷன்தான். காலையில் பார்த்துவிட்டு வந்தவனிடம் பதினொரு மணிக்கு என்ன கொஞ்சல் வேண்டிக்கிடக்கிறது என்று அதற்கும் எனக்கு எரியும். ஐ.டி. சம்பளம் வாங்குகிற வீட்டில் இருந்துகொண்டு, என் பிழைப்பில் வந்து ஏன் உட்காருகிறாள்? அவளுக்கு இது பொழுதுபோக்கு, எனக்கு இது சோறு. இப்படித்தான் நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

ஆகஸ்டில் காலேஜில் ஓப்பன் டே வைத்தார்கள். சுற்றுவட்டாரத்துப் பள்ளிகளிலிருந்து பத்தாவது பிள்ளைகளை வரவழைத்து, லேபைக் காட்டி, போட்டி வைத்து, அடுத்த வருடம் இங்கேயே சேரச் செய்வதற்கான ஏற்பாடு. எங்கள் துறைக்கு வந்த போட்டி, கலவையைப் பிரிப்பது. ஜோடி ஜோடியாக இருபத்து நாலு ஜோடி. ஒவ்வொரு ஜோடிக்கும் பத்து கிராம் கலவை. மணல் நாலு, உப்பு மூன்று, இரும்புத்தூள் இரண்டு, பாச்சை உருண்டைத் தூள் ஒன்று. இரும்பைக் காந்தத்தால் எடுக்க வேண்டும். பாச்சை உருண்டையைச் சூடுகாட்டி ஆவியாக்கி, கவிழ்த்த புனலில் வெள்ளையாகப் படியவைக்க வேண்டும். மிச்சத்தைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டினால் மணல் மேலே நிற்கும், உப்பு கீழே போகும். அந்தத் தண்ணீரைச் சுண்டவைத்தால் உப்பு. நாலையும் எடை போட்டு, கொடுத்ததற்கு யாருடையது கிட்டத்தில் வருகிறதோ அவர்களுக்குப் பரிசு. காலேஜ் செக்ரட்டரியே பார்க்க வருகிறார் என்றார்கள்.

கலவையை யார் தயார் பண்ணுவது? மேடம் யோசிக்கவே இல்லை. அவளைப் பார்த்து, "நீ மாடம்மா" என்றார், நீ செய்யம்மா என்று. என்னிடம் திரும்பி, டேபிள் துடைச்சு, பர்னர் எல்லாம் எரியுதா பார்த்துடுங்க என்றார். சாவியையும் அவளிடம் கொடுக்கச் சொன்னார். இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தேன். "வேலை முடிஞ்சதும் குடுத்துடறனுங்க்கா" என்றாள். வேலை முடிந்தும் சாவி அவளிடமே இருந்தது. அவள் மறந்துவிட்டாள், நான் கேட்கவில்லை.

போட்டி சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை முழுக்க மழை பிசுபிசுத்துக்கொண்டே இருந்தது. அவள் மணலை நாலு தண்ணீர் விட்டுக் கழுவினாள். கழுவ வேண்டியதுதான், தப்பில்லை. ஓவனில் வைத்து ஒரு மணி நேரத்தில் எடுத்துவிட்டாள். அந்த ஓவனுக்கு மழைக்காலத்தில் ஒரு மணி நேரம் பத்தவே பத்தாது, மேல் மணல்தான் காயும், அடியில் ஈரம் அப்படியே இருக்கும். எனக்குத் தெரியும். அவள் மேலாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, காய்ந்துவிட்டது என்று எடை போட ஆரம்பித்தாள். மணல், உப்பு, பாச்சை உருண்டை, பிறகு இரும்புத்தூளையும் சேர்த்துக் கலந்து, ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைகளில் போட்டு, காற்றுப் போகாமல் மூடி, லேபிள் ஒட்டினாள்.

ஈர மணல், உப்பு, இரும்புத்தூள், மூன்றையும் ஒரே பையில் போட்டு ராத்திரி முழுக்க மூடி வைத்தால் என்ன ஆகும் என்று எந்தப் புத்தகத்தில் இருக்கிறதோ தெரியாது. நான் முதல் வருடமே செய்து பார்த்துத் திட்டு வாங்கியவள். காலையில் பார்த்தால் துரு. தூள் காந்தத்துக்கு ஒழுங்காக வராது, தண்ணீர் ஊற்றினால் டீ நிறத்தில் இறங்கும், உப்பு பழுப்பாக நிற்கும். அதனால்தான் மழைக்காலத்தில் நான் மணலை வாணலியில் வறுக்கிற மாதிரி வறுத்து, பேப்பர் பொட்டலத்தில் வைத்து, இரும்புத்தூளை அன்றன்று காலையில்தான் சேர்ப்பேன்.

எட்டாவது பையோ ஒன்பதாவது பையோ போட்டுக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். சொல்லத்தான் போனேன், சத்தியமாகச் சொல்லத்தான் போனேன். "ஏம்மா, இரும்ப..." என்று வாய் திறந்துவிட்டேன். அவள் நிமிர்ந்து, "சொல்லுங்க்கா" என்றாள். அந்த நேரம் பார்த்து மேடம் உள்ளே வந்தார். ஒரு பையைத் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். "எஷ்டு நீட்டாகிதே நோடி!" என்றார், எவ்வளவு நேர்த்தி பார் என்று. பிறகு என்னிடம், "ஹீகே இர்பேகு" என்றார். இப்படி இருக்கணும். அதாவது, நான் பன்னிரண்டு வருடம் கட்டிக்கொடுத்த பொட்டலம் மாதிரி இருக்கக்கூடாது.

மேடம் போன பிறகு அவள் மறுபடி, "என்னமோ சொல்ல வந்தீங்களேக்கா?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. மழை விட்டுடுச்சானு பார்த்தேன்" என்றேன்.

அவள் நாலரைக்குக் கிளம்பினாள். நான் கிளம்பவில்லை. சும்மா இருந்ததோடு நின்றிருந்தால்கூட, மனுஷிக்கு வாய் வரவில்லை என்று விட்டுவிடலாம். நான் அதற்கு மேலே போனேன். மூட்டையிலிருந்து புது மணல் எடுத்துக் கழுவி, ஹாட் பிளேட்டில் தட்டு வைத்து, ஆவி அடங்கும் வரை கிளறிக் கிளறிக் காயவைத்தேன். காலையில் எல்லாம் கெட்டுப்போய் அவள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பாள், செக்ரட்டரி வருகிற நேரம், மேடம் தலையில் கைவைத்துக்கொள்வார், அப்போது நான் டிராயரைத் திறப்பேன். இதை நினைக்க நினைக்கக் கைக்கு வேகம் வந்தது. பேப்பரை வெட்டி, இருபத்து நாலு பொட்டலம், மணலும், அவள் மேஜையில் விட்டுப்போயிருந்த உப்பும் மட்டும் அளந்து, மடித்து, பேனாவால் மேலே எழுதி, என் டிராயரில் அடுக்கினேன். இரும்பும் பாச்சை உருண்டையும் காலையில் சேர்த்தால் போதும். அன்றைக்கு எடையெல்லாம் எனக்கு இரண்டாம் தரத்திலேயே நின்றது.

ஆறரை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வீட்டுக்கு வரும் வழியில் அரைக் கிலோ சிக்கன் வாங்கினேன். "என்ன, மூஞ்சி சக்கத்தா ஜொலிக்குது? பர்மனெண்ட் ஆக்கிட்டாங்களா?" என்றார் புருஷன். நாளைக்குச் சொல்றேன் என்றேன்.

சனிக்கிழமை எட்டு மணிக்கெல்லாம் போய்விட்டேன். அவள் எனக்கும் முன்னால் வந்திருந்தாள். மேஜைமேல் பைகள் எல்லாம் பரப்பிக் கிடந்தன. நான் நினைத்ததைவிட மோசம். பைக்கு உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது, கலவை கட்டி கட்டியாக, செங்கல் பொடி நிறத்தில். அவள் ஒரு பையைப் பிரித்துக் காந்தத்தை விட்டுக்கொண்டிருந்தாள். காந்தத்தில் மணலும் துருவும் சேர்ந்து ஒரு கட்டிதான் ஒட்டியது.

"அக்கா" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது, விழவில்லை.

"ஐயய்யோ, என்னாம்மா இது!" என்றேன். என் நடிப்பைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். பிறகு நான் என்ன செய்தேன் தெரியுமா? ஹேண்ட்பேக்கை ஆணியில் மாட்டினேன். தண்ணீர் குடித்தேன். ஒரு டேபிளைத் துடைத்தேன், இன்னொரு டேபிளைத் துடைத்தேன். பத்து நிமிடம் அவளை அப்படியே நிற்கவிட்டேன். அவள் ஓவனைத் திறக்கிறாள், மூடுகிறாள், கடிகாரத்தைப் பார்க்கிறாள், மூட்டையிலிருந்து மணலை அள்ளுகிறாள், திரும்பக் கொட்டுகிறாள். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது எனக்கு. இதை எழுதுவதற்குக் கூசுகிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

அப்புறம்தான் டிராயரைத் திறந்தேன். "இந்தா, அழாத. இதுல இரும்பும் பாச்சை உருண்டையும் சேர்த்துட்டா முடிஞ்சுது" என்றேன்.

அவள் அந்தப் பொட்டலங்களைப் பார்த்தாள். ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். தராசு முன்னால் உட்கார்ந்து, இரும்புத்தூளை அளக்க ஆரம்பித்தாள். ஒரே தட்டு, இரண்டு கிராம். நான் பாச்சை உருண்டைத் தூளை அளந்தேன். பதினாறு பொட்டலம் முடித்திருப்போம், மேடம் வந்துவிட்டார்.

மேஜையின் ஒருபக்கம் துருப்பிடித்த பைகள், மறுபக்கம் என் பொட்டலங்கள். மேடம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். துரு என்று சொல்ல அவருக்கு யாரும் தேவையில்லை. முகம் இறுகியது. பிறகு என் பொட்டலம் ஒன்றை எடுத்து மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

லேபில் எதைத் தயார் பண்ணினாலும் அதன்மேல் தயாரித்த தேதியை எழுத வேண்டும். பன்னிரண்டு வருடமாக எழுதி எழுதி, அது என் கைக்குள்ளேயே போய்விட்டது. குழம்பு பாத்திரத்தில்கூட எழுதிவிடுவேன் போல என்று வீட்டில் கேலி செய்வார்கள். இருபத்து நாலு பொட்டலத்திலும், என் கோணல் எழுத்தில், வெள்ளிக்கிழமைத் தேதி இருந்தது.

மேடம் தேதியைப் படித்தார். என்னைப் பார்த்தார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, மெதுவாகத்தான் கேட்டார். "நின்னே கொத்தித்ரே, யாக்கெ ஹேளலில்லா?" நேற்றே தெரிந்திருந்தால், ஏன் சொல்லவில்லை?

எனக்குக் கன்னடம் தண்ணீர் மாதிரி வரும். நான் பிறந்து வளர்ந்த ஊர் இது. அவளைவிட எனக்குக் கூட இருந்த ஒரே விஷயமும் அதுதான். அவள் வாயிலிருந்து நான் கேட்டிருந்த ஒரே கன்னட வார்த்தை "கொத்தில்ல", தெரியாது என்பது. மேடத்திடம் இங்கிலீஷில்தான் பேசுவாள். ஆனால் அந்த நிமிடம் எனக்கு எந்தப் பாஷையும் வரவில்லை. அவ்வளவுதான், போச்சு, பன்னிரண்டு வருடமும் போச்சு என்று மட்டும் தெரிந்தது.

"ஹேளித்ரு மேடம்" என்றது பக்கத்திலிருந்து ஒரு குரல். சொன்னாங்க மேடம். அவள்தான். எழுந்து நின்றிருந்தாள். ஒவ்வொரு வார்த்தையாகத் தேடித் தேடி எடுத்து, "நானே... கேளலில்ல" என்றாள். நான்தான் கேட்கவில்லை. பிறகு இங்கிலீஷில் கடகடவென்று சொன்னாள். அக்கா நேற்றே எச்சரித்தார்கள், ஈரம் இருக்கிறது, இரும்பை இப்போது சேர்க்காதே என்றார்கள், எனக்குத் தெரியும் என்று நான் பிடிவாதமாகச் செய்தேன், அதனால்தான் அக்கா எதற்கும் இருக்கட்டும் என்று இதைத் தயாராக வைத்தார்கள்.

மேடத்தின் பார்வை என்மேலிருந்து நகர்ந்து அவள்மேல் போனது. என் தோளைத் தட்டினார். "எக்ஸ்பீரியன்ஸ் அந்த்ரே இது" என்றார். அனுபவம் என்றால் இதுதான். அவளிடமிருந்து சாவியை வாங்கி என் கையில் கொடுத்தார்.

இல்லை மேடம், நான் சொல்லவே இல்லை. ஐந்து வார்த்தை. கன்னடத்திலோ தமிழிலோ எதில் சொன்னாலும் மேடத்துக்குப் புரியும். நான் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

போட்டி நன்றாகவே நடந்தது. புனல்களில் பாச்சை உருண்டை வெள்ளை வெள்ளையாகப் பூத்தது, பிள்ளைகள் செல்போனில் படம் எடுத்தார்கள், உப்பு பளிச்சென்று நின்றது. செக்ரட்டரி என்னிடம் வந்து, வெரி குட் என்றார். அவள் மூலையில் நின்று, துருப்பிடித்த பைகளை ஒவ்வொன்றாகக் குப்பைக்கூடையில் கொட்டிக்கொண்டிருந்தாள். நான் ஆசைப்பட்ட சனிக்கிழமை ஒன்று விடாமல் அப்படியே எனக்குக் கிடைத்தது. அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அதற்குப் பிறகு அவளைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் குறைந்திருக்க வேண்டும் அல்லவா? கூடிற்று. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். மேடத்திடம் போட்டுக்கொடுத்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன். அவள் எப்போதும் போல, "ஏனுங்க்கா, டீ குடிக்கலாமுங்களா?" என்று வந்து நிற்பாள். அந்தக் காந்தம் விஷயத்தில் என் பெயரைச் சொல்லாதவள், இதில் இல்லாத பெருமையை எனக்கு எதற்குக் கொடுத்தாள்? எனக்குப் புரியவில்லை. அந்த நல்ல பெயரை வைத்துக்கொண்டு நான் ஏழு மாதம் வளையவந்தேன்.

மார்ச்சில் மேடம் எழுதிக் கொடுத்தார். இடம் எனக்கு.

அவளுடைய கடைசி நாள் பிள்ளைகள் யாரும் இல்லை, பரீட்சை லீவு. ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து, காந்தங்களின் பழைய பேப்பரையெல்லாம் பிரித்துவிட்டுப் புது பட்டர் பேப்பர் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் சுற்றுவதைவிட நேர்த்தியாக இருந்தது. நான் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

"வீட்டுக்காரர் என்ன சொன்னார்?" என்று ஆரம்பித்தேன். பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே.

"அவரு வீட்லதானுங்க்கா இருக்காரு. போன ஜூன்லயே கம்பெனில அனுப்பிட்டாங்க. தெனம் எங்கியாச்சும் இன்டர்வியூ குடுத்துட்டு, பதினொரு மணிக்கு போன் பண்ணி அழுவாரு. ஊருக்குத் தெரிஞ்சா மானம் போயிரும்னு யாருகிட்டயும் சொல்லலீங்க. இனி ஈரோட்டுக்கே போயர்லாம்னு இருக்கறம்."

கொஞ்சல் என்று நான் நினைத்தது. வராந்தா மூலை, சுவர், குசுகுசு. எனக்குக் காதெல்லாம் சூடேறிவிட்டது. அப்படியானால் ஆகஸ்டில், மேடம் எதிரில் எழுந்து நின்றபோது, அந்த வீட்டில் வந்துகொண்டிருந்தது அவள் சம்பளம் ஒன்றுதான்.

"அப்புறம் ஏம்மா அன்னைக்கு அப்படிச் சொன்ன?" என்றேன். எந்த அன்றைக்கு என்று அவள் கேட்கவில்லை.

"தேதி பார்த்தப்பவே எனக்கும் புரிஞ்சிருச்சுங்க்கா. ஆனா மணல சரியா காய வெக்காதது நான்தானுங்க. என் பேரு எப்டியும் போச்சு. உங்க பேரும் போச்சுன்னா ரெண்டு பேருமே வெளிய போகோணும். மேடம் ஏஜென்சில ஆள் கேக்கறேன்னு அதுக்கு முந்தின வாரந்தான் போன்ல பேசிட்டு இருந்தாங்க, நான் கேட்டனுங்க." கடைசிக் காந்தத்தைச் சுற்றி முடித்து வரிசையில் வைத்தாள். "ஒருத்தராச்சும் இருக்கட்டும்னு தோணுச்சு. அவ்வளவுதானுங்க."

நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் அவள் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, டிபன் பையை எடுத்துக்கொண்டாள்.

"ஆனா ஒண்ணுங்க்கா" என்றாள். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. "அன்னிக்கி நீங்க சொல்லியிருந்தீங்கன்னா, நான் கேட்டிருப்பனுங்க."

பார்த்துப் போம்மா என்றேன். சரிங்க்கா என்று படியிறங்கினாள். ஜன்னல் வழியாக அவள் கேட்டைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். இடுப்பில் சாவி இருந்தது, லேப் முழுக்க எனக்கே எனக்கு. இவளுக்கு மட்டும் இதெல்லாம் எப்படி முதல் தரத்திலேயே வருகிறது என்று அப்போதும் எனக்கு வயிறுதான் எரிந்தது.